கண் அசைந்ததாம்

வாலு என்றுதான் எல்லாரும் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டார்கள். பெற்றவளே கோபம் தலைக்கேறினால்தான் நிஜப் பெயரைச் சொல்வாள். அம்மாவின் தையல் கடையில் நிற்கும் அளவுப் பொம்மைக்குச் சாக்கட்டியால் மீசை வரைந்துவிட்டு, "இவருக்கு இந்தப் பாவாடை பிடிக்கலையாம்" என்று வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்கிற பிள்ளை.

அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது வலிப்பு நிற்கவில்லை. நின்றபோது மூச்சு நின்றிருந்தது. அதற்குப் பிறகு தொண்டைக்குள் ஒரு குழாய், பக்கத்தில் அவளுக்காக மூச்சுவிடும் ஓர் இயந்திரம்.

அந்தப் பிரிவின் பெண் மருத்துவர் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். லாரி ஓட்டுகிற அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து, ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். மூளையின் பெரும்பகுதி அழிந்துவிட்டது, இனி கண்விழிக்கமாட்டாள், இயந்திரத்தை எடுத்துவிட்டு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் குழந்தைக்கு நல்லது என்றார். வேறு இரண்டு மருத்துவர்களும் பார்த்து அதையே சொல்லியிருந்தார்கள்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் பக்கத்துல இருக்கிறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வலி மட்டும் தெரியலாம். அதையும் என்னால உறுதியாச் சொல்ல முடியல."

அந்த நேர்மைதான் அவர்களை முடிவெடுக்க வைத்தது. அப்பா வெளியே போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். திரும்பி வந்து, வலிக்காமல் போகட்டும் என்றார். மறுநாள் இயந்திரத்தை எடுப்பது என்று பேசி வைத்தார்கள்.

அன்று மாலை அப்பாவின் அண்ணன் பார்க்க வந்தார். இரும்புக் கடைக்காரர், தெருச் சங்கத் தலைவர், நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். வாலுவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதில் பொய் இல்லை. அவர் நின்ற நேரத்தில் அவள் இமை துடித்தது. நினைவே இல்லாவிட்டாலும் இமை தானாகத் துடிக்கும் என்று மருத்துவர் பெற்றோரிடம் முன்பே விளக்கியிருந்தார். பெரியப்பா யாரிடமும் கேட்கவில்லை. செல்போனில் படம் பிடித்து, "கண் அசைக்கிற எங்க குழந்தையைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்று எழுதி ஊருக்கே அனுப்பிவிட்டார்.

காலையில் மருத்துவமனை வாசலில் கூட்டம். வாலுவை ஒருநாளும் பார்த்திராதவர்கள் அவளுடைய படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கசங்கிய புடவையோடு உள்ளே நுழைந்த அம்மாவைப் பார்த்து ஒருத்தி, பெத்தவளா நீ என்று கேட்டாள். அம்மா படியேறினாள்.

உள்ளே அதைவிட மோசம். நிர்வாக அதிகாரி அவர்களைக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், வெளியே சூடு தணியட்டும் என்றார். குழந்தைக்கு ஏதாவது மாறியிருக்கிறதா என்று அப்பா கேட்டார். அதிகாரி மருத்துவரைப் பார்த்தார்.

"நேத்து சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாறல" என்றார் மருத்துவர்.

அம்மா எழுந்து நின்றாள்.

"நேத்து வரைக்கும் என் பிள்ளைக்கு எது நல்லதுன்னு பார்த்தீங்க. இன்னைக்கு உங்களுக்கு எது நல்லதுன்னு பார்க்குறீங்க. அதுக்கு அவ ஏன் சார் குழாயோட கிடக்கணும்?"

அதிகாரி எல்லார் நன்மைக்கும்தான் என்று ஏதோ சொன்னார். 'எல்லாரும்' என்றால் யார் யார் என்று அவள் கேட்டாள். அவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

நாட்கள் இழுத்தன. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். முதுகில் புண் வந்தது. வெளியே முழக்கம் குறையவில்லை. யாரோ தொலைக்காட்சிக்குச் சொல்ல, பெரியப்பா பேட்டி கொடுத்தார். அதைப் பார்த்த அன்றுதான் அம்மா நேரே வாசலுக்குப் போய், அத்தனை பேர் முன்னிலையில் அவர் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க மாமா. பார்வையாளர் நேரத்துல, தலை வாரி வச்சிருக்கிற பிள்ளையைத்தான் பார்த்திருக்கீங்க. இப்ப வந்து பாருங்க."

அது சளி உறிஞ்சும் நேரம். செவிலியர் தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். சின்ன உடம்பு வில்லாக வளைந்தது. முகம் நீலம் பாய்ந்தது. சத்தமே இல்லை, குழாய் இருக்கும்போது சத்தம் வராது. பிறகு புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். பெரியப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

"நீங்க கேக்கலையே மாமா."

கம்பியை விட்டுவிட்டு அவர், இருந்தாலும் என் வாயால் சரி என்று சொல்லமாட்டேன் என்றார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, வாசலில் இருப்பவர்களை அனுப்பிவைத்தால் போதும் என்றாள் அம்மா. அவர் போய்ச் சொன்னார். பாதிப்பேர் கலைந்தார்கள். மீதிப்பேர், பெரியப்பனையே மிரட்டி வாயை அடைத்துவிட்டார்கள் என்று புதிதாகக் கத்த ஆரம்பித்தார்கள்.

அதிகாரி இன்னும் ஒருமுறை தள்ளிப்போடப் பார்த்தார். பொறுப்பு என்னுடையது, எது வந்தாலும் என் பெயரைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு மருத்துவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மதியம் ஜன்னல் திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டார்கள். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து ஏற்றினார்கள். அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து வாலுவை மடியில் வாங்கிக்கொண்டாள். குழாயை எடுத்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகம் பிளாஸ்திரி இல்லாமல் முழுசாகத் தெரிந்தது.

மூச்சு நிற்கவில்லை. மெல்ல, விட்டு விட்டு, தானாகவே வந்தது. கொஞ்ச நேரம் அப்படி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொன்னதைக் காது கேட்டிருந்தது, மனசு கேட்கவில்லை. அப்பா கட்டிலருகே மண்டியிட்டார்.

"நாம தப்புப் பண்ணிட்டமா?"

அவளுக்கும் உள்ளே அதே கேள்விதான். ஆனாலும், "நீங்க அவ காலைப் பிடிச்சுக்கோங்க, சில்லுன்னு இருக்கு" என்றாள். அவர் இரண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். பெரியப்பா கதவருகே நின்றார், உள்ளே வரவில்லை. வாலு ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்கும் நேரத்தில் ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை.

பிறகு ஒருநாள் அம்மா கடையைத் திறந்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். பெரும்பாலோர் நல்லவர்கள்தான். யாராவது ஒருவர் மட்டும், எதற்கும் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாமே என்பார். அப்போது மெஷின் நிற்கும்.

"பொறுத்தது யாருங்க? நீங்களா, நானா? அவதானே பொறுத்தா" என்பாள்.

வந்தவர் அளவு கொடுக்காமலே போனாலும் அவள் கூப்பிடுவதில்லை.