கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே

கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்த வருடமும் ஆள் சேரவில்லை என்றால் பாடத்தையே மூடிவிடுவார்கள். மூடினால், என் கணவரும் மகளும் இருக்கிற ஊருக்கே எனக்கு மாற்றல். தலைமையாசிரியரே சொன்னார். சொன்ன கையோடு, பாடம் தேர்ந்தெடுக்கப் போகிற பிள்ளைகளிடம் பேசி ஆர்வத்தைத் தூண்டுங்கள் என்றும் சொன்னார். எப்படி இருக்கிறது கதை!

தூண்டுவதாவது! வெறுக்க வைக்கிற முடிவோடுதான் வகுப்புக்குள் போனேன். லேப் பூட்டியிருந்தது, சாவியை நான் கேட்கவும் இல்லை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் புரோகிராம் ஓடாது, கண் எரியும், கழுத்து வலிக்கும் என்று அடுக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அறுக்கலாமே என்று, கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்த வாயாடி ஒருத்தியை எழுப்பிவிட்டு போர்டில் எழுதினேன்: கதவு வரை நட. ஜன்னலுக்குத் திரும்பி வா. மறுபடி முதல் வரிக்குப் போ. நீதான் கம்ப்யூட்டர், எழுதியதை மட்டும் செய் என்றேன்.

நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். போதும் நில்லுடி என்று பக்கத்து பெஞ்ச் தோழி கெஞ்சியும் அவள் நிற்கவில்லை. மணி அடித்தது. ஒருத்தியும் வெளியே போகவில்லை. தோழி போர்டையே வெறித்துப் பார்த்தாள்.

"நிக்கச் சொல்லி எந்த வரிலயுமே எழுதலயே!"

என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, கதவு மூடியிருந்தால் நில் என்று ஒரு வரி சேர்த்தாள். இன்னொருத்தி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். வாயாடி நின்றாள். கைதட்டலில் வகுப்பே அதிர்ந்தது. பாழாய்ப்போன எனக்கும் சந்தோஷம் பொங்கியது, அதுதான் இன்னும் எரிச்சல்.

வாயாடி மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நாங்க எல்லாரும் இதுலதான் சேரப் போறோம். நீங்கதான நடத்துவீங்க?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? தலை தானாக ஆடிவிட்டது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். எப்போது வருவாய் என்று கேட்டாள். அடுத்த வருடம் கண்டிப்பாக வந்துவிடுவேன் செல்லம் என்றேன்.

"போன வருஷமும் இதையேதான சொன்ன?" என்று கேட்டுவிட்டு, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.