நாற்பது செக்கன்

“உந்த இடம்தான். நிப்பாட்டும்.”

சுபாஸ் நிப்பாட்டினான். கொம்பியூட்டர்த் திரையில், கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் மறைவில், இரண்டு பொடியன்கள் அசையாமல் இருந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற வயது. ஒருவனின் விரல்களைப் பட்டத்து நூல் அறுத்திருந்தது. மற்றவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்திருந்தான். அவ்வளவுதான். ஒரு முத்தமில்லை, ஒரு சொல்கூட இல்லை. பஞ்சலிங்கம் மாஸ்ரர் சுட்டுவிரலை நீட்டி, கரும்பலகையில் பிழைக்கணக்கைக் காட்டுகிற மாதிரி, அந்தக் கன்னத்தில் தட்டினார்.

“இதிலையிருந்து உவன் கையை எடுக்கிற வரைக்கும். எவ்வளவு வரும்?”

“நாப்பது செக்கன் வரும், சேர்.”

“எடுத்துவிடும். மிச்சப் படம் நல்லாத்தான் இருக்கு. பட்டம் கட்டுறது, ஏத்துறது, பட்டத்திலை பூட்டின விண் கூவுறது எல்லாம் அச்சொட்டா எடுத்திருக்கிறான். உது மட்டும்தான் கண்ணுக்கை குத்துது.”

மாஸ்ரர் அதிபராயிருந்து ஓய்வுபெற்றவர். ஊர் வாசிகசாலையின் தலைவர். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பொடிபெட்டைகள் எடுத்த குறும்படங்களை வாசிகசாலை மண்டபத்தில் போட்டுக் காட்டுவார்கள். நெல்லியடியில் கலியாண வீடியோ ஸ்ரூடியோ வைத்திருக்கிற சுபாஸ்தான் ஒவ்வொரு வருடமும் புரொஜெக்டரைக் கொண்டுபோய்ப் படத்தை ஓட்டுகிறவன். இந்த வருடம் கடைசிப் படம் கஜீபனுடையது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பொடியன், கடனுக்கு ஒரு கமராவும் நாலு கூட்டாளிகளுமாக இரண்டு மாதம் கடற்கரையில் வெயில் குளித்து எடுத்த இருபத்துநாலு நிமிடப் படம்.

“கஜீபனிட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் செய்வமே, சேர்?”

“அவனிட்டை என்னத்தைக் கேக்கிறது? ரோசப்பட்டுப் படத்தைத் திருப்பிக்கொண்டு போயிடுவான். நோட்டீசும் அடிச்சாச்சு. சனம் குடும்பமா வந்திருந்து பாக்கிறது. உந்த ஊத்தையளையெல்லாம் காட்டேலுமே? சட்டமும் உதுக்கு இடம் குடுக்காது. நீர் கலியாண வீடியோவிலை வெட்டாத வெட்டே? இதென்ன பெரிய வேலை?”

அதுவும் உண்மைதான். சுபாஸ் வெட்டாத வெட்டில்லை. இந்த ஊரில் கலியாண வீடியோ எடுத்து முடிப்பது கமராக்காரனல்ல, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்தான். அறுகரிசி போட்டு ஆசீர்வதித்த சின்னம்மாவோடு ஆறு மாதத்தில் வேலிச் சண்டை வந்துவிட்டால், “தம்பி, அவளை எடுத்துவிடும்” என்று வந்து நிற்பார்கள். அழுத பெண்ணின் அழுகையை எடுக்கச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடித்துவிட்டுச் சபையில் விழுந்த மாமாவை எடுக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய சிரிப்புகளையெல்லாம் ஒட்டி, மேலே ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தால் குடும்பம் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினான்கு வருடமாக அவன் சோறு தின்றது இந்தக் கத்தரிக்கோலால்தான்.

இதே மாஸ்ரர் இதே கதிரையில் முன்பும் ஒருமுறை வந்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னர், மூத்த மகள் பிரசாந்தியின் கலியாண வீடியோவைப் பார்க்க. அன்றைக்கும் இப்படித்தான் விரலை நீட்டினார். “இந்த இடத்திலை மாப்பிள்ளை கமராவைப் பாக்கிறார். வடிவில்லை. எடுத்துவிடும்.”

கலியாணத்தன்று, அளவெட்டியிலிருந்து வந்த மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக நிற்க, மணவறையில் ஜெயதீபன் தாலியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கட்டவில்லை. பெண்ணின் தலைக்கு மேலாக நிமிர்ந்து கமராவைப் பார்த்தான். ஏழு செக்கன். எல்லாரும் கமராவைப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தார்கள். கமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுபாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். காங்கேசன்துறைக் கடற்கரையை ஆமி சனத்துக்குத் திறந்துவிட்ட புதிதில், ஒரே மோட்டார் சைக்கிளில் ஞாயிறு தவறாமல் அங்கே போய்வந்த இரண்டு பேர் அவர்கள். நாலு வருடம் போய்வந்தார்கள். பிறகு ஜெயதீபனுக்குப் பிரசாந்தியோடு சாதகக் குறிப்புப் பொருந்தியது. வீடியோவை நீதான் எடுக்க வேண்டும் என்று அவனே வந்து கேட்டான். என்ன மனமடா அது என்று சுபாஸ் அன்றைக்குக் கோபப்பட்டான். அந்த ஏழு செக்கனைப் பார்த்த பிறகுதான் ஏன் கேட்டான் என்று விளங்கியது.

அதை வெட்டினான். வெட்டியதை எறியாமல் ஒரு பெயரும் போடாமல் ஒரு மூலையில் வைத்திருக்கிறான். ஒன்பது வருடத்தில் ஒரு தரமும் திறந்து பார்க்கவில்லை.

இப்போதும் வெட்டினான். மாஸ்ரர் பக்கத்தில் இருந்தே பார்த்தார். பட்டத்து நூல் அறுந்தது, பொடியன்கள் வள்ளத்தடிக்கு ஓடினார்கள், அடுத்த காட்சியில் பஸ் தரிப்பில் ஒருவன் தனியே பையோடு நின்றான். மாஸ்ரருக்குத் திருப்தி. “பாத்தீரே? இப்பதான் வடிவு. நல்ல சிநேகிதம்.” வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “ஆவணியிலை சின்னவளின்ரை கலியாணம். நீர்தான் எடுக்கிறீர், சொல்லிப்போட்டன்” என்றார். அவர் ஒரு சொல் சொன்னால் பத்துக் கலியாணம் வரும். அவர் முகத்தைத் திருப்பினால் அந்தப் பத்தும் வேறு ஸ்ரூடியோவுக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. ‘உந்தப் படத்திலை சுபாசுக்கு என்ன அவ்வளவு அக்கறை?’ என்று ஒருவர் கேட்டால் போதும், அந்தக் கேள்வி சந்தி சந்தியாகப் போகும். வீட்டில் அம்மா கமலாவதி இருக்கிறாள். அதற்குத்தான் அவன் பயந்தான்.

அவர் போன பிறகு சுபாஸ் கஜீபனின் படத்தை முழுதாக முதலிலிருந்து போட்டான். அவனுக்கு முப்பத்தாறு வயது. இந்த மண்ணில், இந்தக் கடல் காற்றில், ஒரு பொடியன் இன்னொரு பொடியனை அப்படிப் பார்ப்பதை அவன் எந்தத் திரையிலும் கண்டதில்லை. கண்ணாடியில் தன் முகத்தில் கண்டிருக்கிறான், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் இதே மண்டபத்தில் ஒருவனை நடுச்சந்தியில் வெட்டிக் கொத்துகிற படம் போட்டார்கள். முன்வரிசையில் குழந்தைகள் இருந்தார்கள். ஒருவரும் கண்ணில் குத்துகிறது என்று சொல்லவில்லை. அதற்கு முந்திய வருடம் ஒருத்தன் பெட்டையின் கன்னத்தில் அறைந்து காதலிக்க வைக்கிற படம். சனம் விசிலடித்தது. மாஸ்ரர் பொன்னாடை போர்த்தினார். வெட்டலாம், அறையலாம், இரத்தம் சிந்தலாம். நூல் அறுத்த விரலைக் கன்னத்தில் வைத்தால் மட்டும் ஊத்தையோ? என்ன சனமடா நீங்கள்!

மற்றவர்களைத் திட்டி முடிய, தன்னையும் திட்டினான். வெட்டிய கை யாருடையது?

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கே மண்டபம் அவிந்தது. வெளிச்சம் வராமலிருக்க யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்திருந்தார்கள். மூன்று காற்றாடிகள் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசின. கதிரை வரிசைகளுக்கு நடுவிலிருந்த மேசையில் சுபாஸ் புரொஜெக்டரை வைத்து வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கஜீபன் வந்தான். புதுச் சேட்டு, மழித்த முகம், கை ஒரு இடத்தில் நில்லாத பதற்றம்.

“அண்ணை, ஒரு சின்ன உதவி. வள்ளத்தடியிலை இருக்கிற சீன் வரேக்கை மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுறியளே? கடல்காத்து மைக்கிலை அடிச்சுப்போட்டுது. அதிலை கதை ஒண்டுமில்லை, ரெண்டு பேரின்ரை மூச்சு மட்டும்தான். அது கேக்காட்டில் படமே இல்லை, அண்ணை.”

சுபாஸ் வயரைப் பார்த்துக்கொண்டே “ஓம்” என்றான். வேறென்ன சொல்வது? அந்தக் காட்சி இப்போது இல்லை, நான்தான் வெட்டி எடுத்தேன் என்று சொல்கிற வாய் அவனுக்கு வாய்க்கவில்லை. கஜீபன் “தாங்ஸ் அண்ணை” என்று அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

சனம் நிறைந்தது. மூன்றாவது வரிசையில் பிரசாந்தியும் ஜெயதீபனும் வந்து இருந்தார்கள். மகள் ஜெயதீபனின் மடியில் சாய்ந்திருந்தாள். வந்து இருக்கப் போகிற வழியில் ஜெயதீபன் சுபாசின் மேசையைக் கடந்திருந்தான்.

“சுகமே?”

“ஓம். சுகம்.”

ஒன்பது வருடமாக அவர்கள் இருவருக்கும் இடையில் மிஞ்சியிருக்கிற கதை இவ்வளவுதான்.

நாலு படங்கள் ஓடின. கடைசிப் படத்துக்கு முன்னால் பஞ்சலிங்கம் மாஸ்ரர் மேடையேறினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு. “எங்கடை பிள்ளையள் உண்மையைச் சொல்லப் பயப்பிடக் கூடாது” என்று தொடங்கினார். “கலைஞன் எண்டவன் துணிஞ்சவன். தம்பி கஜீபன் சிநேகிதத்தின்ரை பெருமையை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் காட்டியிருக்கிறார். இந்த வாசிகசாலை எண்டைக்கும் கருத்துச் சுதந்திரத்தின்ரை பக்கம்தான் நிக்கும்.” சனம் கைதட்டியது. கஜீபன் எழும்பி நின்று கும்பிட்டான். அவன் முகத்தில் இருந்த நன்றியைச் சுபாசால் பார்க்க முடியவில்லை.

லப்டொப்பில் இரண்டு கோப்புகள் அருகருகே இருந்தன. வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று. சுண்டுவிரல் அகலம்கூட இடைவெளியில்லை. கருத்துச் சுதந்திரமாம்! ஆவணிக் கலியாணம் போகும். பத்துக் கலியாணம் போகும். அந்தக் கேள்வியும் வரத்தான் போகிறது. வரட்டும். அவன் வெட்டாததை அழுத்தினான்.

சனம் படத்தோடு போனது. மூங்கில் சீவி, தாள் ஒட்டி, வால் பட்டம் எழும்பியபோது பின்வரிசைப் பொடியன்கள் கூவினார்கள். நூல் அறுந்து பட்டம் கடலுக்குள் போனபோது ஒரு மனிசி “ஐயோ, போட்டுது!” என்றாள். மாஸ்ரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, வெட்டிய படத்தைப் பார்க்கிற நிம்மதியோடு இருந்தார்.

பொடியன்கள் வள்ளத்தடிக்கு ஓடினார்கள். பஸ் தரிப்பு வரவில்லை. ஒருவன் மற்றவனின் கையைப் பிடித்தான். சுபாஸ் கஜீபனுக்குச் சொன்ன சொல்லின்படி சத்தத்தைக் கூட்டினான். காற்றும் கடலும் பின்னுக்குப் போய் இரண்டு மூச்சுகள் மண்டபம் முழுக்கக் கேட்டன. நூல் அறுத்த விரல்கள் கன்னத்தில் போய் இருந்தன.

எங்கோ ஒருவன் அடக்கிக்கொண்டு கொடுப்புக்குள் சிரித்தான். யாரோ “உஷ்” என்றார்கள். மாஸ்ரர் எழும்பிவிட்டார். திரும்பி, நடுவழியால் விறுவிறென்று புரொஜெக்டரை நோக்கி வந்தார். வெளிச்சத்துக்குள் வந்ததும் கண் கூசி, மேசைக்கு முன்னால் நின்றார்.

“என்ன செய்யிறீர்? நிப்பாட்டும்!”

“நிப்பாட்டேலாது, சேர்.”

“உமக்கென்ன விசரே? நிப்பாட்டும் எண்டுறன்!”

“நான் இவ்வளவு காலமும் வெட்டினது காணும், சேர்.” சுபாஸ் சொன்னான். “உங்களுக்கு முதலும் ஒண்டு வெட்டித் தந்தனான். இனி ஏலாது.”

மாஸ்ரருக்கு விளங்கவில்லை. திரையில் அவருடைய கறுத்த நிழல் பெரிதாக நின்றது. சனம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. கஜீபன் முன்வரிசையில் எழும்பி நின்று, என்ன நடக்கிறது என்று தெரியாமல், மேசையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். மாஸ்ரர் லப்டொப்பை மூடக் கையை நீட்டினார். சுபாஸ் தன் கையை அதன்மேல் வைத்தான்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரத்த குரலல்ல. படம் பார்க்கிற எவரும் சொல்கிற சொல்தான்.

“மாமா, மறைக்குது. விலகி இருங்கோ.”

ஜெயதீபன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மடியில் மகள் நித்திரையாகியிருந்தாள். பிரசாந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுபாசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாஸ்ரர் மருமகனின் பக்கம் திரும்பினார், பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். மண்டபத்தில் அந்த இரண்டு மூச்சுகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். திரைக்குப் போகவேண்டிய படம் அவருடைய வெள்ளைச் சேட்டில் விழுந்திருந்தது. பொத்தான் வரிசைக்கு மேலாக ஒருவனின் விரல்கள் மற்றவனின் கன்னத்தில் இருந்தன. மாஸ்ரர் தூசு தட்டுவதுபோல அதைக் கையால் தட்டினார். இப்போது அது அவருடைய கையிலும் விழுந்தது.