படுக்கையறையின் நியாயாதிக்கம்

செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு சுவர் நிற்கிறது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில். கதவு கிடையாது. அந்தப் பக்கம் என் மனைவி யோகராணி. இந்தப் பக்கம் நான்.

லண்டனில் இதெல்லாம் சகஜம் என்றார் கீழ்வீட்டுக்காரர். கவுண்டி கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். யோகராணி இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பெயர் நிரோஜா என்று சட்டையில் குத்தியிருந்தது.

“சுவரை எடுக்க ஒரு கட்டளை வேணும் பிள்ளை” என்றேன். “மனிசி அங்கால நிக்கிறா.”

நிரோஜா ஒரு வரைபடத்தை விரித்தாள். எங்கள் வீடு அதில் இருந்தது. வீட்டின் நடுவே ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

“அங்கிள், உங்கட சமையலறை எங்கட நியாயாதிக்கத்துக்குள்ள வருது, அங்க எங்கட அதிகாரம் செல்லும். படுக்கையறை, பக்கத்துக் கோர்ட்டின்ர.”

“அப்ப சுவர்?”

“அது கோட்டில நிக்குது. கோட்டில நிக்கிறதை ஹை கோர்ட்தான் பாக்கும். இந்தத் தாழ்வாரத்தால நேர போங்கோ.”

நேரே போனேன். தாழ்வாரம் என்னோடு சேர்ந்து நீண்டது. வழியில் இரண்டு பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்கள் அடுத்த வருடத்து வழக்குக்காரர்கள். வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அலுத்துப்போயிருந்தது.

நீதிபதி பொய்முடி வைத்திருந்தார். நல்ல இலக்கணத் தமிழ் பேசினார்.

“வழக்கு சிக்கலானதா?”

“சிக்கல் ஒண்டும் இல்லை ஐயா. சுவர் நிக்குது. மனிசியைக் காணேல்லை.”

“சிக்கல் இல்லாத வழக்கு கவுண்டி கோர்ட்டுக்கு உரியது. திரும்பிப் போங்கள்.”

தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

“ஐயா, கடைசியா அவவோட என்ன கதைச்சனான் எண்டு ஞாபகமில்லை.”

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு காலமாக?”

“அதுவும் ஞாபகமில்லை.”

“மிகவும் சிக்கலான வழக்கு” என்றார். எடுத்துக்கொண்டார். ஆனால் சுவரில் பாதி அவள் பக்கம் இருப்பதால் அவளைப் பிரதிவாதியாகப் போட வேண்டுமாம். கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அடியில் ஒரு தாள் நுழைய இடம் இருந்தது.

“இஞ்சாரும், இது கோர்ட் கடிதம். கோவிக்காதையும். உம்மை வெளியில எடுக்கத்தான்.”

“ஓம், தாங்கோ. பாக்கிறன்.”

நன்றாகத் தூங்கி எழுந்த குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“மூண்டு பெட்டி இருக்கு. ஒண்டில சரி போட்டால் காணும்.”

முதலாவது, கோரிக்கையை ஏற்கிறேன். இரண்டாவது, எதிர்த்து வாதாடுகிறேன். மூன்றாவது, இந்த நீதிமன்றத்துக்கு என்மீது நியாயாதிக்கம் இல்லை. மூன்றாவதை யாரும் தொடுவதில்லை என்று நீதிபதியே சொல்லியிருந்தார்.

பேனை கொஞ்ச நேரம் கீறியது. தாள் திரும்பி வந்தது.

மூன்றாவதில் சரி போட்டிருந்தாள். ‘இந்த நீதிமன்றத்துக்கு’ என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, அதற்கு மேலே ‘குகதாசனுக்கு’ என்று என் பெயரை எழுதியிருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது.

பதிலைக் கோர்ட்டில் சேர்ப்பது வழக்குப் போட்டவரின் பொறுப்பு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.