இரண்டாவது சாக்கெட்

மூச்சு இழுத்து இழுத்து ஷுய்பாவின் தோள்கள் வலித்தன. நுரையீரல் செய்ய வேண்டிய வேலையைச் சில வருடங்களாகத் தோள்கள்தான் செய்துவந்தன. மாடிப்படித் திருப்பத்தில் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்து அதன்மேலேயே உட்காரப் போனவனை, பின்னால் ஏறிவந்த மான்கெங் தடுத்தான்.

“உட்காராத. உள்ள மதர்போர்டு இருக்கு.”

“நின்னா செத்துருவேன்.”

“செத்துக்கோ. போர்டு உடைஞ்சா ரெண்டு பேரும் சாகணும்.”

இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் இருமல் வரும் என்பதால் சிரிக்கவில்லை.

மலையூரான லெய்யாங்கிலிருந்து ஷென்ஜென் நகரத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் அனேகமாக எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் வந்தோம். உயரக் கட்டடங்களின் அஸ்திவாரத்துக்குப் பாறையில் குழி போடுவது. துளைக்கருவியோடு ஒருவன் குழிக்குள் இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றையும் காற்றுக்குழாயையும் பார்த்துக்கொள்வான். மறுநாள் மாறிக்கொள்வார்கள். இதற்கு முறை என்று பெயர். காய்ச்சலில் கிடப்பவனுக்காக மற்றவன் இறங்கினால், அந்த முறை பாக்கி. பாக்கியைத் திருப்பாதவனோடு பிறகு எவனும் ஜோடி சேரமாட்டான். ஷுய்பாவும் மான்கெங்கும் கடைசிவரை ஒரே ஜோடி. ஒருவருக்கொருவர் பாக்கி வைத்ததில்லை. கல்தூசியும் இருவர் நெஞ்சிலும் இறங்கியது. மான்கெங்குக்குக் கொஞ்சம் அதிகம்.

குளிர்காலம் வருவதற்குள் ஆளுக்கு ஓர் ஆக்ஸிஜன் மெஷின் வாங்க வேண்டும். குளிரில்தான் எங்கள் ஆட்கள் செத்துப்போகிறார்கள். சுமை தூக்க முடியாது, படி ஏற முடியாது; உட்கார்ந்து சம்பாதிக்க ஒரு வழிதான் தெரிந்தது. கணினி விளையாட்டில் ஆட்களை இறக்கி, அங்கே உள்ள மலையில் தாது வெட்டவைத்து, வெட்டியதை மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு விற்பது. ஒரே நேரத்தில் நிறைய ஆட்களை வெட்டவிட்டால்தான் கட்டுப்படியாகும். கடையில் விற்கும் சாதாரணக் கணினி அதைத் தாங்காது. பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்டு எடைக்கு விற்கிற சர்வர் பாகங்கள் தாங்கும். இரண்டு சிப் போடுகிற மதர்போர்டு ஒன்று வாங்கினால் இரண்டு பேர் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். போர்டு பொதுவில். சிப் ஆளுக்கு ஒன்று, அவரவர் காசில்.

போர்டு விற்றவள் ஷான்டோவ் பக்கத்துக்காரி, சூஃபென். கடை என்பது ஒரு கண்ணாடி மேசையும் அதன் பின்னால் ஒரு முக்காலியும். தன்னிடமிருந்த சிப்புகளைப் போட்டு, மேசைமேலேயே போர்டை உயிர்ப்பித்துக் காட்டினாள். பிறகு சிப்புகளைக் கழற்றிவிட்டு, சிப் உட்காரும் இரண்டு சாக்கெட்டிலும் டார்ச் அடித்தாள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள் வரிசையாக நின்றன.

“நல்லா பாத்துக்கோங்க. ஒரு ஊசியும் சாயல. சரியா?”

“சரி,” என்றான் ஷுய்பாவ்.

“நீயும் சொல்லுண்ணே.”

“சரி,” என்றான் மான்கெங்.

சாக்கெட்டுகளின்மேல் பிளாஸ்டிக் மூடிகளை அழுத்தினாள். அந்தச் சந்தையில் வழக்கம் அதுதான். மூடி விழுந்த பிறகு ஊசி வளைந்தால் வாங்கியவன் பாடு.

“சிப்பைக் கொண்டாங்க, நானே போட்டுத் தர்றேன். சும்மாதான், காசு வேண்டாம்.”

“போடச் சொல்லு,” என்றான் மான்கெங்.

ஷுய்பாவ் பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தான். “ஏன், நமக்குக் கை இல்லையா? மலையக் குடைஞ்சவனுக்கு ஒரு தகரத் துண்டை வைக்கத் தெரியாதா?”

சூஃபென் அவன் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் வெளுத்திருந்தன.

அறைக்கு வந்ததும் மான்கெங் கட்டிலில் சாய்ந்துவிட்டான். ஷுய்பாவ் தரையில் அட்டையை விரித்து அதன்மேல் போர்டை வைத்தான். முதல் சாக்கெட்டில் தன் சிப்பை வைத்தான். அது சரியாக உட்கார்ந்தது, பூட்டுக்கம்பி இறங்கியது. இரண்டாவதில் மான்கெங்கின் சிப்பை வைத்தான். அதன் ஒரு மூலை விளிம்பில் ஏறி நின்றது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். விரலுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் துளைக்கருவியின் அதிர்வில் அவன் விரல்நுனிகள் எப்போதோ செத்துப்போயிருந்தன. சூடு தெரியாது, கூர் தெரியாது.

பூட்டுக்கம்பி பாதியில் நின்றது.

குழிக்குள் பாறை நின்றால் என்ன செய்வோம்? கருவியின்மேல் உடம்பைச் சாய்ப்போம். அவன் யோசிக்கவில்லை. உள்ளங்கையைக் கம்பியின்மேல் வைத்து, தோளைச் சாய்த்தான். சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

“என்ன அது?” என்றான் மான்கெங், கண்ணைத் திறக்காமல்.

ஷுய்பாவ் கம்பியை விடுவித்து, சிப்பை எடுத்துப் பார்த்தான். ஒரு மூலையில் ஊசிகள் படுத்துக் கிடந்தன. சில இல்லவே இல்லை.

“ஒடச்சிட்டேன்.”

“எதை?”

“உன்னோடதை.”

மான்கெங் கண்ணைத் திறந்து போர்டைப் பார்த்தான். பிறகு, “சிப்பு நல்லாயிருக்கா?” என்று கேட்டான்.

“சிப்பு நல்லாத்தான் இருக்கு. அது உட்கார்ற இடம் போச்சு.”

“நம்ம ரெண்டு பேர் கதைதான்,” என்றான் மான்கெங்.

மறுநாள் ஷுய்பாவ் மட்டும் போர்டைச் சந்தைக்குத் தூக்கிப் போனான். சூஃபென் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தேநீர் ஊற்றினாள்.

“சாஞ்சதை நிமித்தலாம்ணே. ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். முதல் சாக்கெட்டுல மட்டும் ஓட்டு. ரெண்டாவது பக்கத்து மெமரி எல்லாம் சும்மா கிடக்கும். பாதி வேலைதான் வரும்.”

“பாதி பத்தாது.”

“தெரியும்.”

“அன்னிக்கே உன்கிட்ட போடச் சொன்னான் அவன்.”

“அதுவும் தெரியும். டீயைக் குடி, ஆறுது.”

ஒற்றைச் சிப்போடு மெஷின் ஓடியது. முதன்முதலில் பொத்தானை அழுத்தியபோது, சர்வர் மின்விசிறிகள் ஒரே வீச்சில் அலறின. இருவரும் சட்டைக் காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டார்கள். பிறகுதான் அங்கே தூசி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மான்கெங் காலரை முதலில் இறக்கினான்.

“சே. பழக்கம்.”

திரையில் சின்ன மனிதர்கள் மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் இருமவில்லை.

பாதி மெஷினை இரண்டு பேர் எப்படிப் பங்கிடுவது? குழி வழக்கப்படியே பங்கிட்டார்கள். ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் இவன் முறை. யார் முறையோ அன்றைய தாது அவனுக்கு. கொஞ்ச காலம் சரியாகப் போனது. அப்புறம் மான்கெங்கால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. விளையாட்டில் மலைக் காவலர்கள் வரும்போது ஆட்களை ஒளித்துவைக்க வேண்டும். அவன் இருமி முடிப்பதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள்.

“இன்னிக்கு என் முறையை நீ எடுத்துக்க.”

“என் பேர்ல பாக்கி,” என்றான் ஷுய்பாவ்.

“பின்ன? தானமா குடுக்கறேன்?”

அப்படியே பல முறைகள் போயின. இலையுதிர்காலம் முடியும் சமயத்தில் சேர்ந்த காசு ஒரே ஓர் ஆக்ஸிஜன் மெஷினுக்குத்தான் காணும். ஷுய்பாவ் அதை வாங்கிவந்து மான்கெங்கின் தலைமாட்டில் வைத்தான். குழாயை மாற்றி மாற்றி மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் மான்கெங் ஊருக்குப் போகிறேன் என்றான். படியில் தூக்கிக்கொண்டு இறங்க அவன் தம்பி வந்திருந்தான். ஷுய்பாவ் ஆக்ஸிஜன் மெஷினைத் துணியில் சுற்றிக் கட்டினான்.

“அதைப் பிரி,” என்றான் மான்கெங்.

“உன் முறையில சம்பாதிச்சது.”

“இப்ப குழிக்குள்ள எவன் இருக்கான்? நீதான். காத்து எவனுக்குப் போகும்?”

கீழே இருப்பவனுக்குத்தான் காற்றுக்குழாய். மேலே நிற்பவன் தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்வான். குழியில் அதைப் பற்றி யாரும் வாதாடியதில்லை. ஷுய்பாவ் வாதாடினான்.

“இது குழி இல்லடா. அங்க மலையில குளிரு.”

“நீ செத்தா திரையில இருக்கிறவனுங்களை எவன் ஓட்டுறது? ஓட்டு. ரெண்டாவது ஆக்ஸிஜன் மெஷினை வாங்கு. அனுப்பு. அவ்வளவுதான் விஷயம். என் சிப்பை மட்டும் பத்திரமா வை. அதும்மேல சாயாத.”

தம்பி அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான். ஷுய்பாவ் முதல் திருப்பம்வரை கூடப் போனான். அதற்குமேல் போனால் திரும்பி ஏற முடியாது.

அவன் முறை வைக்காமல் ஓட்டினான். மூக்கில் குழாய், கையில் மவுஸ், பக்கத்தில் ஆறிப்போன மிளகாய் அரிசிச் சேமியா. இரண்டாவது ஆக்ஸிஜன் மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் காசுதான் தேவைப்பட்டது. லெய்யாங் மலையில் அதற்குள் பனி விழுந்தது. மான்கெங்கின் மனைவி லான்ஷியாங் போன் செய்தபோது அவள் அழவில்லை, சேதியை மட்டும் சொன்னாள். கடைசியில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாராம், படுக்க முடியவில்லையாம்.

வசந்தத்தில் ஷுய்பாவ் வேறொரு போர்டு வாங்கினான். இந்த முறை இரண்டு சிப்புகளையும் சூஃபெனின் மேசையில் வைத்தான்.

“நீயே போடு.”

அவள் விரல்நுனியால் சிப்பின் ஓரங்களை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். கம்பி எதிர்க்கவே இல்லை. அவ்வளவு லேசான வேலை அது.

“ரெண்டாவதுல உட்கார்ந்திருக்கிறது யாரோடதுண்ணே?”

“மான்கெங்கோடது.”

அன்றிலிருந்து இரண்டாவது சிப் ஈட்டுவது லான்ஷியாங்குக்குப் போகிறது. முதல் தடவை பணம் வந்ததும் அவள் கூப்பிட்டாள்.

“இது எதுக்கு? அவரு உங்ககிட்ட எதுவும் குடுத்து வெக்கலையே.”

“இது அவன் சிப்பு சம்பாதிச்சது அண்ணி. பாக்கி வேற இருக்கு.”

“என்ன பாக்கி?”

ஷுய்பாவ் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டுப் பதில் சொன்னான்.

“மான்கெங்குக்கு நான் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் தரணும்.”