மாப்பிள்ளை தொட்ட நட்டு

என் மாமனார் முகைதீன் பிச்சை அந்த வீல் நட்டைக் கொலை செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, கையில் வட்லப்ப இனிப்புத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் ஆறு வருஷமாக லாரி மெக்கானிக் நான். நட்டு கழற்றித்தான் கல்யாணம் செய்தேன், நட்டு கழற்றித்தான் சோறு தின்கிறேன். ஆனால் காரைக்காலில், மாமியார் வீட்டு வாசலில், அந்த நட்டை நான் தொடக் கூடாது.

எங்கள் குடும்பங்களில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். இருப்பான் என்றால் வெறுமனே இருப்பான், அவ்வளவுதான். இந்த ஒரு மாத லீவில் ஒரு தம்ளர் தண்ணீரை நானாக மொண்டு குடித்ததில்லை. ஒருநாள் ஃபியூஸ் போன பல்பை மாற்றலாமென்று ஸ்டூல் மேல் ஏறினேன். மாமியார் அமீர் நிஷா, "யா அல்லாஹ், மாப்புளய இறக்குங்க!" என்று போட்ட கூச்சலில், நான் கிணற்றில் விழுந்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கயிற்றோடு ஓடிவந்துவிட்டார்கள்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கிற அறை, அது வீடில்லை. உம்மா வீட்டுக்குப் போனால், "மாப்புளயாப் போன புள்ள வந்திக்கிது" என்று அவளும் விருந்து வைக்கிறாள். இங்கேயோ விருந்தாளிக்கும் ஒரு படி மேலே. மறுநாள் எனக்கு ஃப்ளைட். அதற்குள் ஒரே ஒரு தடவையாவது இந்த வீட்டு ஆளாக இருந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

மறுநாள் சனிக்கிழமை வேறு. திருநள்ளாற்றுக் கூட்டத்துக்கே ஊரிலுள்ள வாடகைக் கார்கள் போதாது. அப்படியே கிடைத்தாலும் மாமி சம்மதிக்க மாட்டார். வீட்டு வண்டியில்தான் மாப்பிள்ளை திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டும், அதுதான் கௌரவம். வீட்டு வண்டி என்பது ஒரு பழைய வெள்ளை வேன். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து உப்புக் காற்றில் சும்மா நின்றதில் முன்பக்கத்து டயர் ஒன்று வெடிப்பு விட்டுத் தரையோடு படிந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் ஓட்டுவதற்கு ஆள் தயார். டயர்க் கடைக்காரரோ கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆகவே மாமாவே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மாமா நாற்பது வருஷம் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தவர். ஸ்பேனரையும் டீ கிளாஸைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலால் பிடித்தார். முதல் வேலையாக ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார். பிறகு நட்டைத் திருகினார். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது. அவருடைய சிநேகிதர் நூகு மாமா, "நல்லாத்தான் சுத்துது" என்று பாராட்டினார்.

"மாமா, வண்டிய இறக்கிடுங்க. டயரு தரையில இக்கும்போதே நட்ட லூஸ் பண்ணணும்" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க மாப்புள" என்றார் மாமா.

"இன்னொரு துண்டு வைக்கவா மாப்புள?" என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

நூகு மாமா சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்தார். அதுவும் ஆகாமல், கடைசியில் தாங்களே கண்டுபிடித்த மாதிரி வண்டியைக் கீழே இறக்கினார்கள். மூன்று நட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. நாலாவது அசையவில்லை. மாமா இழுக்க, ஸ்பேனர் வழுக்க, நட்டின் மூலைகள் மழுங்க ஆரம்பித்தன. நான் தட்டோடு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

துருப்பிடித்த நட்டிடம் கோபமே கூடாது. மரையில் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டவன் கெட்டான். ஷார்ஜாவில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். மறந்தவன் தலையில் நறுக்கென்று குட்டுவதும் நான்தான்.

"மாமா, மண்ணெண்ணெ ஊத்தி அரை மணி நேரம் வுடுங்க. நான் வேணும்னா..."

"நல்லாயிக்கிதே! மாப்புளய வேல வாங்கினேன்னு ஊரு என்னய ஏசவா?" என்று சொல்லிவிட்டு மாமா சுத்தியலை எடுத்து நட்டை நாலு போடு போட்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை ஓர் இழு இழுத்தார். ஏதோ ஒன்று நகர்ந்தது. நட்டு இல்லை, மாமாவின் இடுப்பு.

குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மாமி ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்க, நூகு மாமா மறுபக்கம் பிடிக்க, மடக்கிய நாற்காலியைக் கொண்டுபோகிற மாதிரி அவரை உள்ளே கொண்டுபோனார்கள். "மாப்புளக்கி டீ குடுங்க" என்று அந்த நிலைமையிலும் சொல்லிக்கொண்டே போனார்.

வாசலில் நானும் நட்டும் மட்டும்தான். தட்டைக் கீழே வைத்தேன். மாமாவுக்காகப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பெருநாள் காலை மாதிரி இருந்தது.

மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து நட்டின் மேல் தாராளமாக ஊற்றினேன். மாடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினேன். பிடி நீளமானால் பலம் கூடும். இனி அரை மணி நேரம் பொறுத்தால் போதும். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் என் மனைவி பஹீமாவின் முகம் தெரிந்தது.

"மச்சான், உம்மா பாத்தா என்னயத்தான் ஏசுவாஹ. வாப்பாவுக்குத் தைலம் தேச்சிக்கிட்டிக்கிறாஹ. சுருக்கா முடிச்சிடுங்க."

"இதென்ன, ஒரு நட்டுதானே" என்றேன். அவள் நான் வேலை செய்து பார்த்ததே இல்லை. என்னைச் சாப்பிடுகிறவனாகவும் தூங்குகிறவனாகவும் மட்டுமே அவளுக்குத் தெரியும். நான் யார் என்று இப்போது காட்டிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஆறு வருஷப் பாடமும் காற்றில் போனது. ஊற வைக்கவில்லை, ஆட்டிப் பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லிக் குழாயின் நுனியில் ஏறி நின்று, ஒரு மாத விருந்தில் வளர்த்த உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் இறக்கினேன்.

டக்!

"கழண்டுடுச்சு!" என்று பஹீமா கை தட்டினாள். நான் குழாயோடு தெருவில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு வந்த நூகு மாமா, ஸ்பேனருக்குள் இருந்த நட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நட்டுக்குள்ள என்னமோ வந்திக்கிதே மாப்புள. இதுவும் வரணுமா?"

"வரக் கூடாது மாமா" என்றேன். போல்ட் முறிந்து பாதி நட்டோடு வந்துவிட்டது. மீதி வண்டியில் இருந்தது.

"கழண்டுச்சா?" என்று உள்ளே படுத்திருந்த மாமா கத்தினார்.

வாசற்படியில் நின்ற மாமி, "அடியோட கழண்டுச்சு!" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கண்ணு சரியாத் தெரியாத மனுசன் மூணு நட்ட கழட்டிட்டாஹ. ஒத்த நட்டுக்கு ஆறு வருஷ மெக்கானிக்கு! செத்த நேரம் பொறுக்க முடியாதா ஒங்களுக்கு? அவஹ இடுப்ப ஒடிச்சிக்கிட்டாஹ, நீங்க வண்டிய ஒடிச்சிட்டீங்க. நாளக்கி எதுல போவீங்க? அந்தக் கொழா மேலயே ஏறிக்கிட்டுப் போவீங்களா?"

தெருவே பார்த்தது. பஹீமா ஜன்னலை விட்டு மறைந்துவிட்டாள். நான் எழுந்து நிலைக்கதவில் கை வைத்ததுதான் தாமதம்.

"அந்தக் கைய வச்சிக்கிட்டுக் கதவத் தொடாதீங்க! கொல்லப் பக்கமாப் போயி சோப்புப் போட்டுக் கழுவுங்க. போற வழியில தண்ணி மோட்டாரப் போட்டு வுடுங்க, டேங்க்கு காலியா கெடக்குது. வந்து மாமாவுக்கு இடுப்பத் தேச்சி வுடுங்க. போல்ட்ட ஒடிக்கிற கைதானே, நல்லாத் தேய்க்கும்."

நான் போய் மோட்டாரைப் போட்டேன். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் நான் போட்ட முதல் சுவிட்ச் அதுதான். பிறகு மாமாவின் இடுப்பைத் தேய்த்துவிட்டேன். அவர் வலியில், "மெல்ல, மெல்ல" என்றார். பஹீமா பக்கத்தில் தைலப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நட்டோடு திருச்சி வரைக்கும் வண்டியை விட எந்த மெக்கானிக்கும் ஒப்பமாட்டான். ஸ்டெப்னியை மாட்டி ஓரமாக நிறுத்தினேன். காலையில் பஸ்ஸில் போவது என்று முடிவானது. கௌரவத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. விடிந்ததும் என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன், யாரும் பிடுங்கவில்லை. மாமா படுத்தபடியே சலாம் சொன்னார்.

மாமிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வேனைக் காட்டினார். "டயர்க் கடைக்காரர் கல்யாணத்துலேந்து வந்துட்டாராம். 'போல்ட்ட மாத்தித் தரவா'ன்னு கேட்டு ஆள் வுட்டாரு. ஒண்ணும் வேணாண்டுட்டேன்."

"ஏன் மாமி? அவருக்கு ஒரு மணி நேர வேலைதானே?"

"வூட்டு ஆளு ஒடிச்சத வூட்டு ஆளுதான் சரி பண்ணணும். நீங்க வர்ற வரைக்கும் அது அப்படியே நிக்கட்டும். போனமா வந்தமாண்டு இல்லாம ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு அங்கயே கெடந்துடாதீங்க. இங்க வேல பாக்கி இக்கிது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை மறைக்கவும் இல்லை. பஸ் திருநள்ளாற்றுக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். போல்ட்டை ஒடித்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற மெக்கானிக்கை என் ஷார்ஜா முதலாளி பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.