பிறண்டி இல்லாத கேக்

டிசம்பர் மாதம் எங்கள் பிளட்டின் லிஃப்டில் ஏறினால், எந்த மாடியில் கேக் அடிக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். வெள்ளவத்தையில் எல்லோருடைய வீட்டிலும் ஓவன் இருக்கிறது. அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் கேக்கை அவரவரே கருக்கிக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் அப்படி இல்லை. கேக் கலவையை வீட்டில் அடித்து, ட்றேயில் ஊற்றி, சந்தியில் இருந்த பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாண் எடுத்து முடிந்த பிறகு பெரிய அடுப்பில் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டில் ஒழுங்கையின் கிறிஸ்மஸ் முழுவதும் ஒன்றாக வேகும். எல்லா ட்றேயும் ஒரே மாதிரி இருப்பதால் ஆளாளுக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். ஒரு வீட்டார் செர்ரியால் சிலுவை போடுவார்கள், இன்னொரு வீட்டார் ட்றேயின் காதில் சிவப்பு நூல் கட்டுவார்கள். எங்கள் ட்றே இரண்டிலும் அப்பாவின் பெயர் கீறியிருக்கும். அந்த இரண்டையும் பிரித்தறிய, ஒன்றின் நடுவில் மட்டும் ஒரு முழுக் கஜுப் பருப்பு வைப்போம். அதுதான் லுத்பியா ஆன்ரியின் ட்றே.

லுத்பியா ஆன்ரி பக்கத்து வீடு. அவருடைய கணவர் ஸவாஹிர் அங்கிள் மெயின் வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அவர்களுக்கென்று அம்மா தனியாக ஒரு கேக் செய்வார், பிறண்டி இல்லாமல். முதலில் அவர்களுடைய பேசின் கலவையைத்தான் அடித்து முடிப்பார். அதுவரை பிறண்டிப் போத்தல் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். அகப்பை வேறு, பேசின் வேறு, பிளம்ஸ் ஊறவைக்கும் போத்தலும் வேறு. "ஆரும் பாக்கிறேல்லைத்தான். அதுக்காகச் செய்யாமல் விடுறதே?" என்பார்.

அந்தப் பக்கமும் அப்படித்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்பது ஆன்ரிக்குத் தெரியும். அந்த நாட்களில் அங்கே என்ன விசேஷம் என்றாலும் எங்கள் வீட்டுக்கு மீன்தான் வரும். அதைச் சமைத்த சட்டி எது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

துறைமுகத்தில் கிளாக்காக இருந்த அப்பா, வேலைக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடியை மறப்பார், சாப்பாட்டுப் பெட்டியை மறப்பார். ஆனால் கஜு டின்னை அம்மா அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாலும் இருட்டில் கண்டுபிடிப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் கஜுவை அடையாளமாக வைத்த ட்றேயைக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு மூளை.

நான் சொல்லப்போகும் கிறிஸ்மஸ், நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடத்தில் வந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன், குரல் வராது. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. பிறகு போகாமல் இருப்பது பழகிவிட்டது. லுத்பியா ஆன்ரியின் மகள் ஸும்றா என் வகுப்புத்தான். காலையில் அவள் வெள்ளைச் சீருடையோடு கேற்றடியில் நின்று, "ஷெரோமி!" என்று கூப்பிடுவாள். நான் வாசல் கேட்டின் சீலைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பேன். பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இருபத்திநாலாம் திகதி மத்தியானம் அம்மா கஜு வைத்த ட்றேயிலிருந்து துண்டு வெட்டாமல், கேக்கை முழுதாகவே பெரிய பீங்கானில் வைத்து, லேஸ் துணியால் மூடிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பின்னேரம் அப்பாவின் கூட்டாளி ஸ்ரான்லி அங்கிள் வந்தார். அம்மா மற்ற ட்றேயில் துண்டு வெட்டி அவருக்கு வைத்தார்.

ஸ்ரான்லி அங்கிள் கண்ணை மூடி மென்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார். "ஐறீன், இந்த முறை பிறண்டி நல்லா ஏறியிருக்கு. தொண்டையில பிடிக்குது."

"நான்தான் கொஞ்சம் கூட ஊத்தச் சொன்னனான்," என்றார் அப்பா.

"இன்னொரு துண்டு வையுங்க. நான் த்ரீவீல்லதான் போறன், பொலிஸ் என்னைப் பிடிக்காது."

அம்மா அடுத்த துண்டை வெட்டும்போது கத்தியில் ஒட்டிய தூளை வழித்து வாயில் போட்டார். அப்படியே நின்றார். இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டார். பிறகு, "ஷெரோமி, வாயைத் திற," என்றார். எனக்கும் ஒரு துண்டு. நான் மென்றுவிட்டு அம்மாவைப் பார்த்தேன். ரவை இருந்தது, இனிப்புப் பூசணித் தோசி இருந்தது, ஏலக்காய் இருந்தது. பிறண்டி இல்லை.

"பிறெடி," என்றார் அம்மா. அவர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ உடையப்போகிறது. "நான் லுத்பியாவுக்குக் குடுத்த கேக்கில கஜு வெள்ளையா இருந்தது. பேக்கரியில வெந்த கஜு எப்பிடி வெள்ளையா இருக்கும்?"

அப்பா யன்னலைப் பார்த்தார்.

"பிறெடி!"

"பேக்கரிக்குக் கொண்டு போகேக்க... த்ரீவீல் குலுக்கினதில கஜு கொஞ்சம் எழும்பின மாதிரி இருந்தது."

"எழும்பி?"

"வாயில போட்டுட்டன். ஆனா இடப்பக்கத்து ட்றே எண்டு எனக்கு நல்ல ஞாபகம். அதால வீட்டுக்கு வந்த உடன இடப்பக்கத்து ட்றேயில புதுசா ஒண்டு வச்சனான்."

"பேக்கரிக்காரன் திருப்பித் தரேக்க எந்தப் பக்கம் எதைத் தந்தவன்?"

ஸ்ரான்லி அங்கிள் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் சாப்பிட்டதில...?"

"அதில ஒரு சொட்டும் இல்லை, ஸ்ரான்லி."

"என்ட தொண்டை பொய் சொல்லாது, ஐறீன்," என்றார் அவர் மனம் நொந்து.

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "இவ்வளவு வருசமா என்ட சொல்லை நம்பிச் சாப்பிட்ட மனுசி. ஸவாஹிர் அசர் தொழுதிட்டு வந்துதான் கேக் வெட்டுறவர். இப்ப வந்திருப்பார்." எழும்பினார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார். "எந்த முகத்தோட போறது? நான் மாட்டன்."

அப்பா சேர்ட்டைப் போட்டு, பட்டனைப் பிழையாகப் பூட்டி, கேற்றுவரை போனார். அவரும் திரும்பி வந்தார். "ஸவாஹிர் என்னை ஒண்டும் சொல்லமாட்டார். அதுதான் பயமா இருக்கு."

என்னைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத விஷயம். நான் செருப்பும் போடாமல் ஓடினேன்.

அவர்களுடைய கதவு திறந்திருந்தது. மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பிளேன்ரீ ஊற்றியிருந்தது. லேஸ் துணி மடித்துவைக்கப்பட்டிருந்தது. ஸவாஹிர் அங்கிள் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கத்தியைத் தூக்கினார். ஸும்றா என்னைக் கண்டு வாயைத் திறந்தாள். எனக்குத்தான் குரல் வரவில்லை. வகுப்பில் போலவேதான்.

நான் போய் இரண்டு கையையும் கேக்கின்மேல் வைத்தேன்.

ஸவாஹிர் அங்கிளின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"பிறண்டி," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"பிறண்டியா?" என்றார் அங்கிள். "எங்கட ஊட்டுல எங்க, மகள், பிறண்டி ஈக்கி? பிறெடி ஆள் மாறி அனுப்பிட்டாரா?"

"சும்மா இருங்க," என்றார் லுத்பியா ஆன்ரி. அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க மகள்."

பிறகு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கஜு, த்ரீவீல், இடப்பக்கம், வெள்ளை, ஸ்ரான்லி அங்கிளின் தொண்டை என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சொல்லி முடித்தபோது ஸும்றா மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். "தொண்டையில பிடிச்சிச்சாம்!" ஸவாஹிர் அங்கிள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஆன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "உம்மா எங்க?" என்றார்.

"அழுறா."

அவர் எழுந்தார். கேக்கை ஒரு பையில் போட்டுக் கட்டி என்னிடம் தந்தார். அதில் என் பத்து விரலும் பதிந்திருந்தன. பீங்கானைக் கழுவித் துடைத்தார். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். பின்னால் நானும், எனக்குப் பின்னால் ஸும்றாவும்.

"கேட்டினுக்குப் பின்னால உன்ட கால் தெரியும், தெரியுமா?" என்றாள் ஸும்றா என் காதில். "ஒவ்வொரு நாளும் பாத்திட்டுத்தான் போறனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ ஒளிக்கிறாய் எண்டு நினைச்சன். பிறகு எப்பிடிச் சொல்றது?"

எங்கள் வீட்டில் அம்மா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்பா சுவரோடு சுவராக நின்றார். ஸ்ரான்லி அங்கிள் எழும்பி ஆன்ரிக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

லுத்பியா ஆன்ரி இருந்தார். மேசையில் கிடந்த வெட்டிய கேக்கைப் பார்த்தார். "ஐறீன், இதுவா எங்கடது?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க. இதுல இல்லையா?"

"நான் இனி எப்பிடிச் சொல்லுறது, லுத்பியா? மத்தியானமும் இப்பிடித்தானே சொல்லித் தந்தனான்."

"மத்தியானம் தெரியாம சொன்னீங்க. பிழை எண்டு தெரிஞ்ச உடன புள்ளைய ஓட விட்டீங்களே."

"நான் அனுப்பேல்லை. அவளாத்தான் ஓடினவள்."

ஆன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் நான் பையோடு குசினிக்குள் போகப் பார்த்தேன். ஸும்றா என் சட்டையைப் பிடித்து இழுத்துவைத்தாள்.

"அப்ப அவள் உங்கட வளர்ப்புத்தானே," என்றார் ஆன்ரி. "சொல்லுங்க ஐறீன். நீங்க சொன்னாச் சாப்பிடுவன். சொல்லாட்டிச் சாப்பிடமாட்டன். ஸ்ரான்லிட தொண்டைய நம்பிச் சாப்பிட ஏலாது."

அம்மா ஏப்ரனை இறக்கினார். முகம் வீங்கி, மூக்கு நுனியில் ரவை ஒட்டியிருந்தது. எழுந்து போய் அந்தக் கேக்கின் மூலையில் ஒரு துண்டு வெட்டி மீண்டும் தின்றுபார்த்தார். நடுவிலும் ஒரு துண்டு தின்றார். பிறகுதான், "இல்லை, லுத்பியா. இதில இல்லை," என்றார்.

லுத்பியா ஆன்ரி ஒரு துண்டை எடுத்து முழுதாக வாயில் போட்டார்.

அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேசின்தான். பிறண்டிப் போத்தலே வரவில்லை. "ஸ்ரான்லிக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்கென்ன?" என்று அப்பாவிடம் கேட்டார் அம்மா.

இப்போது அவர்கள் இரத்மலானையில். நாங்கள் இங்கே. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடும் இருந்த இடத்தில் ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. போன டிசம்பரில் அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் கேக்கைப் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு நான்தான் காலி வீதி பஸ்ஸில் போனேன். லுத்பியா ஆன்ரி கதவைத் திறந்தார், வாசலிலேயே பெட்டி மூடியைக் கழற்றினார், ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. "உம்மாட முழங்கால் எப்பிடி?" என்றார், வாய் நிறையக் கேக்கோடு.