தொட்டிலடியில் ஒரு சிலந்தி

1

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"நீ சொன்னதக் கேட்டுத்தான்கா இருந்தேன்! 'செத்துப்போச்சு, பெருக்கித் தள்ளு'ன்னு நீதானே..."

"முதல்ல தொட்டில நகர்த்து!"

"மூணு நாளா கொழந்தை அதுலதான் தூங்குது!"

2

இந்தக் கதை இப்படித்தான் என் காதில் விழுந்தது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலருகே நின்று தங்கையோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள். கேட்டது அவள் பேச்சு மட்டும்; தங்கையின் பதில்கள் என் கைச்சரக்கு. (இனி அவளை அக்கா என்றே எழுதுகிறேன், என்னைவிட முப்பது வயது இளையவள் என்றாலும்.)

சிலந்தியின் படத்தைப் பார்த்து இன்ன வகை என்று சொல்வது அக்காவின் வேலை. யார் யாரோ அனுப்புவார்கள். "மேலேர்ந்து ஒண்ணு, கண்ணு தெரியற மாதிரி ஒண்ணு, பக்கத்துல ஒரு தீக்குச்சி. ஒத்தப் படத்துக்கு வாயத் திறக்க மாட்டேன்" என்பாள். மூன்று நாள் முன்பு, தொட்டிலடியில் கிடந்ததைத் தங்கை அனுப்பியதோ ஒற்றைப் படம். தங்கையாயிற்றே, வாயைத் திறந்துவிட்டாள்: "விஷமுள்ளதுதான். ஆனா செத்துப்போச்சு."

3

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மூன்றாம் நாள் காலை அந்தப் படத்தைப் பெரிதாக்கியவள், சிலந்தியின் தலை, மூடி திறந்த டப்பாவைப்போல...'

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். வளரும் சிலந்தி தலைப்பக்கத்தை மூடிபோலத் திறந்து, தோலை உரித்துப் போட்டுவிட்டு வெளியே வரும். தோலில் எட்டுக் காலும் அப்படியே இருக்கும். உள்ளே ஆள் இருக்காது. அக்கா பிணம் என்று நினைத்தது அந்தத் தோலை. ஆள், முன்னைவிடப் பெரிதாக, அதே அறையில்.

(தோலையும் கதையையும் ஒப்பிட்டு இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். குழந்தை தொட்டிலில் கிடக்கும்போது உவமை ஒரு கேடா?)

4

அக்கா அழுததாக எழுதினேன். பொய். அழவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவள் தவறு ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

"தப்பு என்னுதுதான்டி. அப்புறமா ஆசை தீரத் திட்டு. இப்ப கொழந்தையத் தூக்கிட்டு வெளிய வா."

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் சிலந்தி ஜன்னல் வழியே போய்விடுகிறது. மற்றதில் குழந்தையின்... அதற்குமேல் கை ஓடவில்லை.

அதற்குப்பின் நான் கேட்டது இவ்வளவுதான்: அக்காவின் போனில் படம் வந்து விழுந்த ஓசை, அதன்பின் அவளுடைய மௌனம். அந்த மௌனத்துக்கு முன் தங்கை என்ன கேட்டிருப்பாள் என்று மட்டும் எழுதுகிறேன். பதில் உங்கள் பொறுப்பு.

"கொழந்தை வெளிய அவர்கிட்ட இருக்கு. இது தொட்டில் காலுக்குப் பின்னாடி... கிட்டப் போகப் பயமா இருக்கு, ஒத்தப் படந்தான் எடுக்க முடிஞ்சுது. அக்கா, இதுவும் தோல்தானா?"